இப்ப கேக்காதீங்க

“தட்டாதீங்க! தட்டாதீங்க! கைய எடுங்க!”

எங்கள் அலுவலகத்தில் வேலை தொடங்கிவிட்டது என்பதற்கு இந்தச் சத்தம்தான் அடையாளம். தொலைபேசியின் மறுமுனையில் ஒரு ஹோட்டல்காரரோ நகைக்கடைக்காரரோ இருப்பார். தன்னுடைய புது வெப்சைட்டின் பெயரைத் தட்டிப் பார்க்க அவருக்குக் கை துறுதுறுக்கும். இந்தப் பக்கத்தில் அண்ணன் கதிரையிலிருந்து பாதி எழும்பி, கம்பி வழியாகவே போய் அந்தக் கையைப் பிடித்துவிடுபவர்போல நிற்பார். மற்ற நேரங்களில் அவர் குரல் பக்கத்து மேசைக்கே கேட்காது.

எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். எங்கள் முதலாளி சிங்களவர், வயதிலும் மூத்தவர். அவர்கூட ‘அண்ணன்’ என்றே கூப்பிடுவார். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பெயர்களால் அந்த மனிதர் பட்டது போதும்.

கண்டி நகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் எங்கள் அலுவலகம் இருந்தது. படியேறும்போதே புதுத் துணி மணக்கும். அங்கே என்ன வேலை செய்கிறாய் என்று உம்மா கேட்டபோது நான் இப்படி விளங்கப்படுத்தினேன்: மனிதர்கள் பெயரைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள், கணினிக்குத் தெரிந்ததோ எண் மட்டும். ஒருவர் பெயரைத் தட்டினால் அதற்குரிய எண்ணைத் தேடிக் கொடுக்க உலகம் முழுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் கண்டிக் கடைகள், பாடசாலைகள், விடுதிகளின் பெயர்களை நாங்கள் பராமரிக்கிறோம். டொமைன் நேம் என்று சொல்வார்கள். “அப்ப பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி” என்றார் உம்மா. கிட்டத்தட்ட அப்படித்தான்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. இன்னும் பதிவாகாத பெயரை யாராவது முந்திக்கொண்டு தட்டினால் ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று பதில் வரும். வந்தால் வரட்டும் என்று விட முடியாது. கேட்டவருக்காகப் போய் விசாரித்த கணினி அந்த ‘இல்லை’யைப் பத்திரமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அடுத்த நிமிடமே நாங்கள் பெயரைப் பதிந்தாலும், மறுபடி கேட்டால் அது புதிதாகப் போய்ப் பார்க்காது. இப்போதுதானே கேட்டேன், இல்லை என்றார்களே என்று பழைய பதிலையே நீட்டும். அந்தப் பதிலின் தவணை முடியும்வரை தலைகீழாக நின்றாலும் ஒன்றும் நடக்காது. அதனால்தான் அந்தக் கத்தல்.

இது கணினிக்குள் நடக்கிற விஷயம். அண்ணன் அதைச் சோற்றுக்கடை வரைக்கும் கொண்டுபோய்விட்டார் என்று நாங்கள் கேலி செய்வோம். நாங்கள் பகலில் சாப்பிடப் போகும் கடையில் மீன் கறி சற்றுப் பிந்தித்தான் அடுப்பிலிருந்து இறங்கும். உட்கார்ந்ததும் “மீன் இருக்கா?” என்று கேட்க நான் வாயைத் திறந்தால் அண்ணன் பதறுவார்.

“இப்ப கேக்காதீங்க தங்கச்சி. இல்லன்னுடுவான். ஒருக்கா சொல்லிட்டான்னா பெறகு மீன் வந்தாலும் நம்ம மேசைக்கு வராது. இது மீன் இல்லாத மேசைன்னு அவன் மண்டையில பதிஞ்சிடும்.”

பிளேன்டியை உறிஞ்சிக்கொண்டு, மூக்கைச் சமையல்கட்டுப் பக்கம் நீட்டியபடி இருப்பார். மணம் வந்த பிறகுதான் கையை உயர்த்துவார். மீனும் வரும். எனக்குப் பசியில் எரிச்சல் எரிச்சலாக வரும். ஆனாலும் சாப்பிடும்போது அவர் சொன்னது சரி என்றுதான் தோன்றும்.

லீவு கேட்பதும் அப்படித்தான். முதலாளி காலையில் யாரோடு பேசினார், எந்த வாடிக்கையாளர் திட்டினார், முகம் எப்படி இருக்கிறது என்று நோட்டம் பார்த்துப் பார்த்து, கடைசியில் லீவு வேண்டிய நாளே கடந்துவிடும். “கேக்கலியே தவிர, மாட்டேன்னு சொல்லல தானே” என்று அதையும் ஒரு வெற்றிபோலச் சொல்வார். இப்படியும் ஒரு மனிதரா என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஆனால் அந்தக் குணம் எங்களைக் காப்பாற்றிய நாளும் உண்டு. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு பாடசாலையின் வெப்சைட் திறப்பு விழா. மேடை, குத்துவிளக்கு, வாத்தியக் குழு, பெரிய திரை. மாகாணத்திலிருந்து வந்த பெரிய மனிதர் பொத்தானை அழுத்தினார். ‘அப்படி ஒரு பக்கம் இல்லை’ என்று திரையில் பளிச்சென்று வந்தது. வாத்தியக் குழு ஊதத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தியது. பாடசாலை அதிபர் முதல்நாளே ஆசை தாங்காமல் அதே கணினியில் தட்டிப் பார்த்திருக்கிறார் என்பது அண்ணனுக்கு அவருடைய முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மெதுவாக மேடையேறி, பெரிய மனிதரிடம் அவருடைய கைத்தொலைபேசியைத் தரும்படி கேட்டார். அது வேறு கம்பெனி இணைப்பு, அதில் அந்தப் பெயரை இன்னும் யாரும் கேட்டிருக்கவில்லை. அந்த இணைப்பைக் கணினிக்குக் கொடுத்ததும் பக்கம் திறந்துகொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

“இன்னும் ‘இல்ல’ன்னு கேள்விப்படாத ஆள் ஒருத்தராவது எங்கயாச்சும் மிச்சம் இருக்கணும் தங்கச்சி. அவரு மூலமா கேட்டுக்கலாம். எல்லாரும் கேட்டு முடிச்சிட்டா ஒன்னும் செய்ய ஏலாது.”

என்னை அந்த அலுவலகத்தில் சேர்த்ததே அண்ணனுக்காகத்தான். முதலாளிக்கு அப்போது ‘ஏ.ஐ.’ பைத்தியம் முற்றியிருந்தது. கீழ்மாடியில் வேலை செய்த நிருவாகிப் பெண்கள் மூவரும் ஏதாவது ஒரு பெயரை மாற்றப் போய் இன்னொன்றை உடைத்துவிட்டு அண்ணனைத் தேடி மேல்மாடிக்கு ஓடி வருவார்கள். அண்ணன் வராத நாளில் அலுவலகமே முடங்கும். “அண்ணனின் மூளையை மென்பொருளில் இறக்கு” என்று முதலாளி எனக்குக் கட்டளை போட்டார். நிபுணர் அமைப்பு என்று இதற்குப் பெயர். வாசல் பலகையில் ஏ.ஐ. என்று மினுக்கினாலும், உள்ளே இருந்தவை நான் அண்ணன் பக்கத்தில் மாதக்கணக்காக உட்கார்ந்து எழுதிய விதிகள்தான். இது நடந்திருந்தால் அதைப் பார், அது சரியென்றால் இதைச் செய். வைத்தியர் நோயாளியை விசாரிப்பதுபோல அது நிருவாகியிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, கடைசியில் ஆலோசனை சொல்லும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘சின்ன அண்ணன்’.

“அண்ணன், இது முடிஞ்சா உங்கள வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே, பயமில்லையா?” என்று நான் ஒருநாள் வம்புக்குக் கேட்டேன்.

“அத இப்ப கேக்காதீங்க” என்றார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பெயரைத் தேடித் திரையில் ‘இல்லை’ என்று பதில் வந்தால், அண்ணன் சிங்களத்தில், சலித்துப்போன அரசாங்கக் கந்தோர் எழுதுவினைஞர் ஒருவரின் குரலில், “எஹெம கெனெக் நே மாத்தயா” என்று முணுமுணுப்பார். அப்படி ஒருத்தர் இல்லை ஐயா என்று அர்த்தம். கேட்டுக் கேட்டு நாங்களும் பிடித்துக்கொண்டோம். கீழே இருந்த பெண்கள் மீன் கறி தீர்ந்தாலும் ‘எஹெம கெனெக் நே’ என்பார்கள். அலுவலகமே சிரிக்கும்.

ஒருநாள் மழை. ஹந்தான மலை முழுக்க மறைந்திருந்தது. நாங்கள் ஒரு விதியில் முட்டிக்கொண்டு நின்றோம். கேட்கவேண்டிய எல்லா இடங்களிலும் ‘இல்லை’ என்று வந்துவிட்டால் அந்தப் பெயர் இல்லைதான் என்று முடிவுகட்டலாம் என்பது என் கட்சி. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. முடிவுகட்டும் முன் சின்ன அண்ணன் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும் என்றார். அதை அவரே சொல்ல, நான் தட்டினேன்: ‘நீங்கள் கேட்டது சரியான பெயர்தானா? இந்த ஆளுக்கு வேறு பெயர் உண்டா?’

“ஆளுக்கா? சேர்வர் கம்பியூட்டருக்குன்னு போடுவோம் அண்ணன்” என்று சிரித்தேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

“எங்க அக்காவுக்கு ரெண்டு பேரு தங்கச்சி.”

மஹியாவையில் மாநகரசபைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். அப்பா போன பிறகு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அக்கா மலர்தான். தம்பியைக் கம்பியூட்டர் படிக்க வைப்பதற்காக அவர் வீட்டு வேலைக்கு வளைகுடாவுக்குப் போனார். எந்த நாடு என்று எழுத எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமைகளில் அங்கிருந்து அக்கா வீட்டுக்குப் போன் எடுப்பார். ஒரு வெள்ளி எடுக்கவில்லை. அடுத்த வெள்ளியும் இல்லை. அதன் பிறகு எடுக்கவே இல்லை.

“அம்மா அழுவுது. பக்கத்து வீட்டாளுங்க எல்லாம் போய்க் கேளு, போய்க் கேளுன்னாங்க. எனக்கும் பொறுக்க முடியல. ஒன்னையும் விசாரிக்காம கொழும்புக்கு பஸ் ஏறிட்டேன். வெளிநாட்டு வேலைக் கந்தோர்ல அக்கா பேர சொன்னேன். அந்த நாட்டுக்கு எழுதிக் கேட்டாங்க. பதில் வந்துச்சு. அப்பிடி ஒரு ஆள் நாட்டுக்குள்ளயே வரலியாம்.”

“அதெப்படி?”

“அந்த வீட்டுக்காரங்க முஸ்லிம் பொம்பளைதான் வேணும்னாங்களாம். ஏஜன்ட் அக்காவுக்கு நசீமான்னு பேர் போட்டு பாஸ்போர்ட் எடுத்திருக்கான். அக்கா வீட்டுல சொல்லல. அம்மா கவலப்படும்னு நெனச்சிருக்கும். கூடப் போன ஒரு அம்மா மாத்தளைக்குத் திரும்பி வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.”

அவர் மறுபடி கொழும்புக்கு ஓடியிருக்கிறார். அங்கிருந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, இதற்குத்தான் ஏற்கனவே பதில் வந்துவிட்டதே என்றார். பெயர் நசீமா என்று இவர் சொன்னார். அப்படியென்றால் நீங்கள் யார் என்று அவர் கேட்டார். மலருக்குத் தம்பி என்பதற்கு இவரிடம் அத்தாட்சி இருந்தது. நசீமாவுக்குத் தம்பி என்பதற்கு உலகத்தில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

“அவரும் நல்ல மனுஷன்தான். திட்டல. ‘எஹெம கெனெக் நே மாத்தயா’ன்னாரு. அவ்வளவுதான்.”

இவ்வளவு நாளும் நாங்கள் எதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம் என்று எனக்கு விளங்கியது. சேர்வர்களிடம் கற்றதை அவர் வாழ்க்கைக்குக் கொண்டுவந்தார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். வாழ்க்கையில் பட்டதைத்தான் சேர்வர்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார். ‘ஆளுக்கு’ என்ற சொல்லை நான் மாற்றவில்லை. இன்றைக்கும் சின்ன அண்ணன் அப்படித்தான் கேட்கிறது.

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என் நானா, கூடப்பிறந்த மூத்தவர், லீவில் எங்கள் ஊரான மடவளைக்கு வந்திருந்தார். அதே நாட்டில், அதே நகரத்தில்தான் அவர் வாகனம் ஓட்டினார். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. அண்ணனின் பெயர், அக்காவின் பெயர் எதுவும் சொல்லாமல், ஒரு பெண்ணைத் தேட முடியுமா என்று மட்டும் கேட்டேன். “விவரத்தத் தா, போய்க் கேட்டுப் பாக்குறன். நம்ம ஆக்கள் எல்லா எடத்துலயும் ஈக்கிறாங்க” என்றார் நானா.

பெருநாள் முடிந்து அலுவலகத்துக்குப் படியேறியதும் மூச்சு வாங்க அண்ணனிடம் சொன்னேன். அவர் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார்.

“பேர சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“நல்ல வேள. பொறுங்க தங்கச்சி. இப்ப கேக்க வேணாம்.”

எனக்குப் புரியவில்லை. அவர் கெஞ்சுவதுபோலச் சொன்னார்: “உங்க நானாதான் மிச்சம் இருக்கிற ஆளு. அரகொறயா கேட்டு அவருக்கும் இல்லன்னு வந்துட்டா, அதுக்குப் பெறகு நான் யார்கிட்ட போறது? கேள்வியச் சரியாக்கிட்டுக் கேப்போம்.”

கேள்வியைச் சரியாக்கத் தொடங்கினார். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியையும் ஏஜன்ட் மாற்றியிருப்பான், அது வேண்டும். “எங்க அப்பாவுக்கும் வேற பேர் வச்சிருப்பான்ல. அவர் என்ன பேர்ல இருக்காருன்னு தெரியணும்” என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஏஜன்ட் கடையை மூடிவிட்டுக் குருநாகல் பக்கம் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அவனைத் தேடிப் போனார். மாத்தளை அம்மாவிடம் மூன்று நான்கு தடவை போய், வீடு எந்தப் பகுதி, வாசலில் என்ன மரம், பக்கத்தில் பள்ளிவாசலா கடையா என்று விசாரித்தார். ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க அடுத்த ஒன்று குறைவாக இருந்தது.

“பெரஹெரா முடியட்டும்” என்றார். கண்டியின் அந்தத் திருவிழா நாட்களில் விடுதிகளின் வெப்சைட்டுகளால் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை என்பது உண்மைதான். பெரஹெரா முடிந்து யானைகளும் ஊர் திரும்பிவிட்டன. “தீவாளி கழியட்டும்” என்றார். தீபாவளியும் கழிந்தது. எங்கள் நோன்பு வந்து போனது.

நோன்புப் பெருநாள் கழிந்து வேலைக்கு வந்த அன்று நான் பொறுமையிழந்துவிட்டேன். கீழே இருக்கிற பெண்களுக்கும் கேட்டிருக்கும்.

“கேட்டாத்தான் அண்ணன் தெரியும்! இது என்ன மீன் கறியா, மணம் வரும்வரைக்கும் இருக்கிறதுக்கு? அவங்க ஒரு மனுஷி! அங்க என்ன கஷ்டத்துல இருக்கிறாங்களோ!”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“தெரியும் தங்கச்சி. சாயந்தரம் வீட்டுக்குள்ள கால் வைக்கும்போதே அம்மா ‘போன் வந்துச்சாடா’ன்னு கேக்குது. கேக்காம இருக்கிற வரைக்கும் அக்கா எங்கயோ இருக்குது. கேட்டு இல்லன்னு வந்துட்டா? சேர்வர் சொல்ற இல்லைக்குத் தவணை இருக்கு. தீந்ததும் திரும்பப் போய்ப் பாக்கும். இதுக்குத் தவணை யார் போட்டிருக்கா?”

அவ்வளவு காலமும் அவர் கேள்வியைச் சரியாக்கிக்கொண்டிருக்கவில்லை, பயந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு எப்படித் திட்டுவது?

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது நானா செய்தி அனுப்பினார். வேலை ஒப்பந்தம் முடிகிறது, இனி ஊரோடு வந்துவிடப் போகிறார். நான் அதை அப்படியே அண்ணனிடம் காட்டினேன். கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். நசீமா. பாஸ்போர்ட்டில் அப்பாவுக்கு ஏஜன்ட் வைத்த பெயர். பிறந்த தேதி. வீடு இருக்கும் பகுதி. வாசலில் இலந்தை மரம். நான் தட்டி முடித்ததும், ஒரு பெயரைப் பதியும் முன் வரி வரியாகப் பார்ப்பதுபோல, விரலை வைத்து வாசித்தார்.

“சரி. இப்ப கேளுங்க” என்றார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

பதில் வரச் சுணங்கவில்லை. நானா முதலில் எனக்குத்தான் போன் எடுத்துச் சொன்னார். நான் உம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டேன். எந்த நாள் என்றும் கேட்டேன். கேட்டதும் மனம் தானாகவே கணக்குப் பார்த்துவிட்டது. “இதையெல்லாம் அவருக்கு ஒரு குரல் பதிவாப் போடுங்க நானா. நாள மட்டும் சொல்ல வேணாம். அவர் கேட்டா நான் சொல்றேன்” என்றேன்.

மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன், அலுவலகத்தில் அண்ணனும் நானும் அந்தப் பதிவைக் கேட்டோம்.

“அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நீங்க தந்த பேர் சரி. வீடும் சரி, எலந்த மரமும் ஈக்கி. அந்தப் பேர்ல ஒரு ஆள் அங்க வேல செஞ்சிருக்கா. வந்த கொஞ்ச நாள்ல அவகிட்ட இருந்து போன பறிச்சிட்டாங்களாம். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரில வெச்சிருந்திருக்காங்க. மௌத்தாகிட்டா தம்பி. பாஸ்போர்ட்ல ஈந்த விலாசத்துக்கு அறிவிச்சாங்களாம், அது பொய் விலாசம் போல. பக்கத்து வீட்டுல வேல செய்ற நம்ம ஊர்ப் புள்ள ஒன்னு சொல்லிச்சு, அவவுக்கு கண்டில ஒரு தம்பி ஈக்கியாம், கம்பியூட்டர் படிச்சவனாம், அவன் எப்படியும் கண்டுபுடிச்சுருவான்னு சொல்லிக்கொண்டே ஈப்பாவாம். நல்ல மொறையில அடக்கி ஈக்கிறாங்க. அங்க மீசான் கல்லுல பேர் எழுதுறல்ல, நம்பர் மட்டும்தான். நம்பர அனுப்புறன்.”

அடுத்த செய்தியாக நம்பர் வந்து நின்றது. பெயரைக் கொடுத்தால் எண் வரும். அவரும் நானும் காலையிலிருந்து மாலைவரை செய்துகொண்டிருந்த வேலையே அதுதான். அந்த நிமிடத்தில் எனக்கு அந்தத் தொழிலின்மேல் அப்படியொரு வெறுப்பு வந்தது.

அண்ணன் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்குன்னு வந்திருச்சு தங்கச்சி” என்றார். “பேர் இருக்குன்னு வந்திருச்சு.”

பிறகு கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். நான் காத்திருந்தேன். அடுத்ததாக எவரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. எப்ப? அதைக் கேட்பார் என்று பயந்துகொண்டே காத்திருந்தேன். கேட்டால், தீபாவளியும் கழிந்து, எங்கள் நோன்பு தொடங்குவதற்குச் சற்று முன்னர் என்று சொல்ல வேண்டும். நானா முதல் தடவை “விவரத்தத் தா” என்று சொன்னபோது அக்கா உயிரோடு இருந்தார். பெரஹெரா முடியட்டும் என்றபோதும் இருந்தார். அண்ணன் கேட்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று லீவு கேட்டார். முதலாளியின் முகத்தைப் பார்க்காமல், நேரடியாகப் போய்க் கேட்டார்.

மஹியாவையில் வெள்ளைக் கொடி கட்டியிருந்தார்கள். மரண அறிவித்தலில் மலர் என்று இருந்தது. உம்மாவும் நானும் போனோம். பெட்டி இல்லாத சாவு வீடு. படம் ஒன்றுக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். அண்ணனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் உம்மா சொன்னார்: “மலருக்குச் செய்ய வேண்டியத அவங்க செய்வாங்க. நசீமாவுக்கு நாம ஓதுவோம்.” அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மா குர்ஆனில் யாசீன் ஓதினார். நான் பக்கத்தில் இருந்து அழுதேன்.

அண்ணன் வேலைக்குத் திரும்பி வந்தார். கத்தல் மட்டும் நின்றுபோயிருந்தது. கீழேயிருந்து ஒரு நிருவாகிப் பெண் வந்து, “அண்ணன், புது டொமைன் ஒன்னு, இப்ப தட்டிப் பாக்கவா?” என்றாள். “பாருங்க” என்றார். அவள் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். தட்டினாள். ‘இல்லை’ என்று வந்தது. அண்ணன் எதையும் முணுமுணுக்கவில்லை.

பிறகு ஒருநாள் என்னிடம் வந்து, சின்ன அண்ணனில் ஒரு விதியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். பெயர் தயாராகும்வரை ‘பொறுக்கவும், இப்போது கேட்க வேண்டாம்’ என்று நிருவாகியிடம் சொல்லுமே, அந்த விதி. அதை எழுதும்போது அவர்தான் எவ்வளவு பிடிவாதமாக நின்றார்!

“எடுக்கலாம் அண்ணன். ஆனா அது சரியான விதிதானே? எடுத்தா எல்லாரும் முந்திக்கிட்டுத் தட்டிடுவாங்க.”

திரையில் அந்த விதியை இன்னொரு தடவை வாசித்தார்.

“ஆமா. மெஷினுக்கு அது சரிதான்” என்றார். “இருக்கட்டும்.”

கொஞ்ச காலத்தில் வேலையை விட்டுவிட்டார். அவரை யாரும் அனுப்பவில்லை, தானாகவே போனார். சின்ன அண்ணன் இருந்தபடியால் அலுவலகம் முடங்கவில்லை. பேராதனைப் பக்கம் ஒரு கடையில் போன் திருத்துகிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன், போகவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் மாலை பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். முடி நன்றாக நரைத்திருந்தது. “தங்கச்சி!” என்று அவர்தான் முதலில் கூப்பிட்டார். உம்மாவைப் பற்றிக் கேட்டார், நானாவுக்கு ஊரில் தொழில் எப்படி என்று கேட்டார். சின்ன அண்ணன் இன்னும் வேலை செய்கிறதா என்று கேட்டார். செய்கிறது என்றேன். இன்னும் ‘இந்த ஆளுக்கு வேறு பெயர் உண்டா’ என்றுதான் கேட்கிறது, புதிதாக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள் என்றேன். அவரும் லேசாகச் சிரித்தார்.

மடவளை பஸ் உறுமத் தொடங்கியது. நான் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன்.

“தங்கச்சி, ஒங்கள ஒன்னு கேக்கணும்னு இருந்தேன்.”

காலை எடுத்துவிட்டுத் திரும்பினேன். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் அந்த ‘எப்ப’வுக்கான பதிலை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, உம்மாவிடம்கூட. உண்மையைச் சொல்வதா, மாற்றிச் சொல்வதா என்று அந்த நிமிடம்வரை நான் முடிவு செய்திருக்கவில்லை. கண்டக்டர் முதுகில் தட்டாத குறையாக அவசரப்படுத்தினான். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அலுவலகத்தில் லீவு கேட்கும் முன் முதலாளியின் முகத்தைப் பார்ப்பாரே, அப்படி.

“இல்ல, நீங்க போங்க” என்றார். “இப்ப கேக்கல.”